உடம்பும் ஊழியம்தான்!

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் போனால் சான் பெர்னார்டினோ நகரம். ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்டு சகோதரர்கள் 1940இல் தங்கள் பெயரிலான முதல் உணவகத்தை இங்கேதான் திறந்தார்கள். 1948இல் அதைக் கொஞ்ச நாள் மூடி, பட்டியலைச் சுருக்கி, தட்டையும் கரண்டியையும் ஒழித்துவிட்டு, 15 சென்டுக்கு ஹாம்பர்கர் விற்கும் கடையாக மாற்றினார்கள். காரை விட்டு இறங்கினோமா, வாங்கினோமா, தின்றோமா, போனோமா என்கிற சாப்பாட்டுப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதற்கு மூலக்கடை அது.

அங்கிருந்து சில மைல் தள்ளி லோமா லிண்டா. சுமார் 25,000 பேர் வாழும் சிற்றூர். அமெரிக்கர்களில் பலர் மாரடைப்போடும் சர்க்கரையோடும் மல்லுக்கட்டுகிற வயதில், இந்த ஊர்ப் பெரியவர்கள் காலை நடையை முடித்துக்கொண்டு ஏதாவது ஒரு தொண்டுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். 2005 நவம்பரில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் டேன் பியூட்னர் எழுதிய அட்டைப்படக் கட்டுரை, மனிதர்கள் மிக நீண்ட காலம் வாழும் மூன்று இடங்களைச் சொன்னது. ஜப்பானின் ஒகினாவா, இத்தாலியின் சார்டீனியா, மூன்றாவது இந்த லோமா லிண்டா.

முதல் இரண்டும் தீவுகள். தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில், ஒரே வம்சத்தில் வந்த மக்கள். ஆயுள் கெட்டிக்கு ரத்தம் காரணமா, தண்ணீர் காரணமா என்று அங்கே விவாதிக்கலாம். லோமா லிண்டாவில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள், வெள்ளையர், கறுப்பர், மெக்ஸிகோக்காரர், ஆசியர் எல்லாரும் கலந்த ஊர். காற்றும் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் புகை மலைகளில் முட்டித் தேங்கி நிற்கும் பள்ளத்தாக்கு அது. புகைமூட்டம் உடம்பை என்ன செய்கிறது என்று தனி ஆய்வே 1970களில் இந்த மக்களை வைத்துத் தொடங்கப்பட்டது. இவர்களில் பலரை ஒன்றாக இணைப்பது ஒரு சபை. சனிக்கிழமை ஆராதனை நடத்துகிறவர்கள் என்று நம் ஊரிலும் பலருக்குத் தெரிந்த ஏழாம் நாள் அட்வெந்திஸ்து சபை.

உடம்பைப் பேணுவது இவர்களுக்குப் பொழுதுபோக்கோ அழகுக்கான முயற்சியோ அல்ல. ஜெபம் செய்வதைப் போல, தசமபாகம் கொடுப்பதைப் போல, அதுவும் தேவனுக்குச் செய்யும் கடமை.

உலகம் முடியும் என்று காத்திருந்தவர்கள்

இந்தச் சபையின் வேர் ஓர் ஏமாற்றத்தில் இருக்கிறது. வில்லியம் மில்லர் என்ற பாப்திஸ்து பிரசங்கியாரின் கணக்கை நம்பி, 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் காத்திருந்தார்கள். சிலர் பயிரை அறுக்காமலே வயலில் விட்டிருந்தார்கள். விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. பலர் நொறுங்கிப்போய் விலகினார்கள். விலகாமல் வேதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த சிறு கூட்டத்திலிருந்துதான் 1863 மே மாதம், மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் க்ரீக் நகரில், சுமார் 3,500 உறுப்பினர்களோடு அட்வெந்திஸ்து சபை முறைப்படி உருவானது.

உலகமே முடியப்போகிறது என்று நம்புகிறவர்கள் இந்த மண்ணுடம்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? நியாயமான கேள்வி. விடை அவர்களுடைய இறையியலிலேயே இருக்கிறது. மனிதன் செத்ததும் ஆத்துமா மட்டும் தனியே பிரிந்து பரலோகம் போகிறது என்பதை அட்வெந்திஸ்துகள் ஏற்பதில்லை. மண்ணும் தேவன் ஊதிய சுவாசமும் சேர்ந்ததுதான் மனிதன் என்கிறது ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம். உடம்பை விட்டால் மனிதன் இல்லை. மரணம் ஒரு தூக்கம், உயிர்த்தெழுதல் நாளில் முழு மனிதனும் எழுவான் என்பது இவர்களுடைய விசுவாசம். உடம்பு ஆத்துமாவைக் கொஞ்ச காலம் அடைத்துவைத்திருக்கும் கூடு என்று நினைக்கிறவர் அதை அலட்சியப்படுத்தலாம். உடம்பே தான் என்று நினைக்கிறவரால் அது முடியாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், விசுவாசியின் சரீரம் பரிசுத்த ஆவி தங்கும் ஆலயம் என்றும், கிரயத்துக்கு வாங்கப்பட்ட அது அவனுக்கே சொந்தமில்லை என்றும் பவுல் எழுதியதை எல்லாச் சபைகளும் வாசிக்கின்றன. இவர்கள் அதைச் சமையலறைக்குள்ளும் கொண்டுபோனார்கள்.

கொண்டுபோனவர் எலன் ஒயிட். 1827இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் முகத்தில் பட்ட கல்லடியால் படிப்பு நின்றுபோய், வாழ்நாள் முழுக்க நோயோடு போராடிய பெண். சபை உருவான சில வாரங்களில், 1863 ஜூன் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, மிச்சிகனின் ஒட்ஸெகோ கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது தமக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார். புகையிலையும் மதுவும் வேண்டாம், இறைச்சியை விடுங்கள், சுத்தமான தண்ணீரும் காற்றும் வெயிலும் உழைப்பும் ஓய்வும்தான் மருந்து, உடம்பைப் பேணுவது பரிசுத்தமான கடமை என்பது அதன் சாரம்.

அந்தக் காலத்து வைத்தியத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். கலோமல் எனும் பாதரச உப்பை வாய் புண்ணாகும்வரை கொடுப்பார்கள். அபினும் ஸ்ட்ரிக்னினும் சாதாரண மருந்துகள். ஜுரத்தில் கிடப்பவர் அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு, தண்ணீரும் தராமல் வைத்திருந்த காலம். அந்த 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எலன் ஒயிட்டின் இரண்டு மகன்கள் தொண்டை அடைப்பான் நோயில் விழுந்து, தண்ணீர் ஒத்தட வைத்தியத்தால் பிழைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பதினாறு வயது மூத்த மகன் ஹென்றி நிமோனியாவில் இறந்தான். உடல்நலம் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் ஒரு தாயின் துக்கமும் கலந்திருக்கிறது.

அவர் சொன்ன பலவற்றை சில்வெஸ்டர் கிரஹாம், ஜேம்ஸ் கேலப் ஜாக்ஸன் போன்ற சீர்திருத்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவர் எழுத்தில் அவர்களுடைய பாதிப்பு எவ்வளவு என்பதை லோமா லிண்டாவிலேயே முன்பு பாடம் நடத்திய வரலாற்றாசிரியர் ரொனால்டு நம்பர்ஸ் 1976இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சபைக்குள் பெரிய புயல் அது. ஆனால், மற்றவர்கள் சொன்னது காலப்போக்கில் கரைந்துபோக, இவர் சொன்னது மட்டும் ஏன் ஒன்றரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். மற்றவர்கள் தந்தது ஆலோசனை. இவர் அதை ஒரு சபையின் வாழ்க்கைமுறையாக ஆக்கினார். ஆலோசனை தனிமனிதனின் மனவுறுதியை நம்பி நிற்கிறது. வாழ்க்கைமுறையைப் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தாங்குகிறார்.

வைக்கோல் வயலில் ஒரு வைத்தியம்

1865இல் எலனின் கணவர் ஜேம்ஸ் ஒயிட் பக்கவாதத்தில் விழுந்தார். நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் ஜாக்ஸன் நடத்திய நீர்சிகிச்சை நிலையத்தில் சுமார் மூன்று மாதம் இருந்தார்கள். அங்கே சொன்னது முழு ஓய்வு. மூளைக்கும் வேலை கூடாது, உடம்புக்கும் வேலை கூடாது. ஜேம்ஸ் தேறவில்லை, சோர்ந்துகொண்டே போனார். கணவரை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் எலன்.

1867இல் மிச்சிகனின் கிரீன்வில்லில் ஒரு சிறு பண்ணையில் குடியிருந்தார்கள். வைக்கோலை வண்டியில் ஏற்றிப் போர் போடும் பருவம். அக்கம்பக்கத்தாரை உதவிக்குக் கூப்பிடலாம் என்று ஜேம்ஸ் நினைத்தார். எலன் அவருக்கு முன்பே ஒவ்வொரு வீடாகப் போய், என் கணவர் வந்து கேட்டால் ஆள் இல்லை, வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜேம்ஸ் கேட்டார், எல்லாரும் கையை விரித்தார்கள். மனம் வாடித் திரும்பியவரிடம், நானும் பையன் வில்லியும் வாரி வண்டிக்குத் தூக்கிக் கொடுக்கிறோம், நீங்கள் வண்டியில் அடுக்கி ஓட்டுங்கள், போதும் என்றார் எலன். வைக்கோல்போர் மேல் ஏறி மிதித்தவரும் அவர்தான். ஊரெல்லாம் பிரசங்கம் செய்கிற அம்மா போர் போடுவதைப் பார்த்து அக்கம்பக்கம் வாயைப் பிளந்தது. ஜேம்ஸ் நாளுக்கு நாள் தேறினார், திரும்பவும் ஊழியத்துக்கு வந்தார், 1881 வரை வாழ்ந்தார்.

பக்கவாத நோயாளியைச் சீக்கிரமே எழுப்பி இயங்கவைப்பது இன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. நரம்பியல் என்ன சொல்லும் என்று எலனுக்குத் தெரியாது. கையும் காலும் வேலை செய்யவே படைக்கப்பட்டவை என்பது அவர் நம்பிக்கை.

அவரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இறைச்சியை விடச் சொன்ன தரிசனம் 1863இல். பயணங்களிலும் தட்டுப்பாட்டுக் காலங்களிலும் அவர் இறைச்சி சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆஸ்திரேலியாவில் ஊழியம் செய்துகொண்டிருந்த 1894இல்தான் அது வீட்டு மேசையிலிருந்து முற்றிலும் போயிற்று. உயிர்களுக்கு நடக்கும் கொடுமையைச் சொல்லி ஒரு கத்தோலிக்கப் பெண் அவரிடம் மன்றாடியதும் அதற்குக் காரணம். மூன்று மாதத்தில் மாறிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் இந்த முப்பது ஆண்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1866 செப்டம்பரில் பேட்டில் க்ரீக்கில் சபை ஒரு நலவாழ்வு நிலையம் திறந்தது. 1876இல் அதற்குத் தலைமையேற்றவர் 24 வயது மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக். காலை உணவுக்குத் தட்டில் கொட்டிப் பால் ஊற்றும் சோளச் செதில்களின் கதை இவருடைய சமையலறையில் தொடங்கியது. தம்பி வில் கீத் கெல்லாக் 1906இல் அதைத் தனி நிறுவனமாக்கினார், சர்க்கரையும் சேர்த்தார். சபையோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டில் 1907இல் மூத்தவர் உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். பிற்பாடு அவர் இனமேம்பாட்டுக் கொள்கையில் மூழ்கினார்; சில மனிதர்களைத் தகுதியற்ற பிறவிகள் என்று ஒதுக்கும் அந்தக் கொடிய சிந்தனைக்காகத் தனி அறக்கட்டளையும் நடத்தினார். உடம்பைப் பற்றிய அக்கறையிலிருந்து இரக்கத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவரைவிட எச்சரிக்கை வேண்டாம்.

லோமா லிண்டா வந்தது 1905இல். மருத்துவர்களும் முதலீட்டாளர்களும் கட்டி நஷ்டப்பட்ட ஓர் ஓய்வு விடுதி 40,000 டாலருக்கு விலைக்கு வந்தது. கையில் காசில்லை, வேண்டாம் என்றது சபையின் வட்டார நிர்வாகம். வாங்குங்கள் என்று பிடிவாதம் பிடித்தார் 77 வயது எலன் ஒயிட். ஜான் பர்டன் என்ற போதகர் 1,000 டாலர் முன்பணம் கட்டினார். பின்னொரு தவணையாக 5,000 டாலர் கட்ட வேண்டிய நாளன்று காலைத் தபாலில் சரியாக அந்தத் தொகைக்கு யாரோ அனுப்பிய காசோலை வந்ததாக இன்றும் அங்கே சொல்கிறார்கள். 1909இல் அங்கே மருத்துவக் கல்லூரிக்கு அனுமதி கிடைத்தது. மருத்துவமனைக்குள்ளேயே அமைந்த உலகின் முதல் புரோட்டான் புற்றுநோய் சிகிச்சை மையம் 1990இல் திறந்ததும் இங்கேதான். விசுவாசம் இருக்கிறதே, மருந்து எதற்கு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

புள்ளிவிவரம் சொன்ன சாட்சி

1950களில் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிரூபிக்க மல்லாடிக்கொண்டிருந்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். அதில் முன்னணியில் நின்றவர் எர்ன்ஸ்ட் வைண்டர். அவருக்குப் புகைபிடிக்காத பெரிய மக்கள்கூட்டம் ஒன்று தேவைப்பட்டது. அட்வெந்திஸ்துகள் கிடைத்தார்கள். லோமா லிண்டாவைச் சேர்ந்த ஃபிராங்க் லெமனுடன் சேர்ந்து அவர் 1959இல் வெளியிட்ட கட்டுரை, இந்த மக்களிடம் நுரையீரல் புற்றுநோய் எவ்வளவு அரிது என்று காட்டியது. தொடர்ந்து சுமார் 23,000 கலிஃபோர்னியா அட்வெந்திஸ்துகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், மற்றவர்களோடு ஒப்பிட்டால் அந்த நோயால் இவர்கள் இறப்பது ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. புகைபிடித்தல் நோய்க்குக் காரணம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை சொன்னது 1964இல். இவர்கள் புகையிலையை விட்டு அப்போது நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அதற்கு முன்பே, 1950களின் கடைசியில், மருத்துவர் வேய்ன் மெக்ஃபார்லண்டும் போதகர் எல்மன் ஃபோல்கன்பர்கும் புகையை விடுவதற்கான ஐந்து நாள் திட்டத்தை வகுத்திருந்தார்கள். ஒரு மருத்துவர், ஒரு போதகர், ஐந்து மாலைகள். சபைக்கு வெளியே இருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். பல நாடுகளுக்குப் பரவிய திட்டம் அது.

1974இல் அடுத்த ஆய்வு, 34,000 பேரை வைத்து. அதன் முடிவை கேரி ஃபிரேசரும் டேவிட் ஷாவ்லிக்கும் 2001இல் எழுதினார்கள். கலிஃபோர்னியாவின் மற்ற வெள்ளையரைவிட அட்வெந்திஸ்து ஆண்கள் 7.3 ஆண்டும் பெண்கள் 4.4 ஆண்டும் கூடுதலாக வாழ்கிறார்கள். சைவ உணவுக்காரர்களை மட்டும் எடுத்தால் ஆண்களுக்கு 9.5, பெண்களுக்கு 6.1 ஆண்டு. மூன்றாவது ஆய்வு 2002இல் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 96,000 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர்.

இந்த மூன்றாவது ஆய்வுதான் மிகவும் சுவையானது. வெளியில் பலரும் நினைப்பதுபோல எல்லா அட்வெந்திஸ்துகளும் சைவம் அல்ல. மதுவும் புகையிலையும், லேவியராகமம் தீட்டென்று ஒதுக்கிய பன்றி, நண்டு, இறால் வகைகளும் கூடாது. மற்ற இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது என்பது சபையின் அறிவுரை, கட்டாயம் இல்லை. ஆய்வில் சேர்ந்தவர்களில் 48 சதவீதம் பேர் அசைவம். 28 சதவீதம் பேர் பாலும் முட்டையும் சேர்க்கும் சைவம். 8 சதவீதம் பேர் பால்கூடத் தொடாதவர்கள். மீதிப் பேர் மீன் மட்டும் சாப்பிடுகிறவர்கள், எப்போதாவது இறைச்சி தொடுகிறவர்கள். எல்லாரும் ஒரே சபை, கிட்டத்தட்ட யாருமே புகைப்பதில்லை, குடிப்பதில்லை. எனவே தட்டில் இருப்பது என்ன வித்தியாசம் செய்கிறது என்பதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. சர்க்கரை நோய் அசைவக்காரர்களில் 7.6 சதவீதம் பேருக்கும் பால்கூடத் தொடாதவர்களில் 2.9 சதவீதம் பேருக்கும் இருந்தது. 2013இல் வெளிவந்த கணக்கில், சைவ வகையினரின் மரண விகிதம் மொத்தத்தில் 12 சதவீதம் குறைவு. ஆண்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது, பெண்களிடம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். நம்பிக்கைக்கு ஆள் சேர்ப்பதற்காகச் செய்த ஆய்வாக இருந்தால் அந்த வரி அங்கே இருந்திருக்காது.

91 வயதில் ஃபியூஜி

எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களில் ஒருவரையாவது அருகில் பார்க்க வேண்டும். ஹல்டா க்ரூக்ஸ் 1896இல் கனடாவில் பிறந்தவர். இளம்பெண்ணாக இருந்தபோது ஐந்தடி ஓரங்குல உயரத்துக்கு 72 கிலோ எடை, இனிப்பில் பிரியம். பதினெட்டு வயதில் அட்வெந்திஸ்து சபையில் சேர்ந்து, பண்ணை வீட்டைவிட்டுப் படிக்கக் கிளம்பினார். ஒரு மருத்துவரை மணந்து லோமா லிண்டாவுக்கு வந்தார். 1950இல் கணவர் இறந்தார். கணவர் போனபின் பலர் முடங்கிவிடுகிற வயதில், கணவரோடு பழகிய மலைநடையை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

1962இல், 66 வயதில், விட்னி சிகரத்தில் ஏறினார். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான இடம் அது, 4,421 மீட்டர். அதற்கப்புறம் 91 வயதுவரை அந்தச் சிகரத்தில் மொத்தம் 23 தடவை ஏறியிறங்கினார். பயிற்சிக்கு அவர் எந்தக் கூடத்துக்கும் போகவில்லை. விடியலில் எழுந்து தெருவில் நடை, எழுபதைத் தாண்டியபின் மெல்லோட்டம், மாடிப்படி ஏற்றம். 1987 ஜூலையில், 91 வயதில், ஜப்பானின் ஃபியூஜி மலையுச்சியில் நின்றார். விட்னிக்குப் பக்கத்துச் சிகரம் ஒன்றுக்கு 1991இல் க்ரூக்ஸ் சிகரம் என்று பெயர் வைத்தது அரசாங்கம். 1997இல் 101 வயதில் காலமானார்.

எல்ஸ்வொர்த் வேர்ஹாம் இன்னொருவர். இதய அறுவை மருத்துவர். 1963இல் லோமா லிண்டாவின் இதய அறுவைக் குழு கராச்சிக்குப் போனபோது முன்னின்றவர். பியூட்னர் அவரைச் சந்தித்தபோது வயது தொண்ணூற்றுச் சொச்சம். வேலி போட ஆள் கேட்ட கூலி கூடுதல் என்று, தானே குழி தோண்டிக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தாராம். 95 வயதுவரை அறுவை அரங்கில் உதவினார், 104 வயதில் 2018இல் மறைந்தார்.

இப்படிப்பட்டவர்களைச் சாதனையாளர்களாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. அவர்களைத் தாங்கி நிற்பது ஊரின் வாராந்திர ஒழுங்கு. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் வேலை நின்றுவிடும். பல்லாண்டுகளாக அந்த ஊருக்குத் தபால்கூட சனிக்கிழமை வராமல் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது. 24 மணி நேரம் வியாபாரம் இல்லை, தேர்வுக்குப் படிப்பு இல்லை. சனிக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கூடத்தில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து வைத்துப் பொதுவில் சாப்பாடு. அட்வெந்திஸ்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு பதார்த்தம் அங்கே கட்டாயம் இருக்கும். தட்டில் நொறுக்கிய சோள வறுவல், அதன் மேல் வெந்த பீன்ஸ், நறுக்கிய கீரை, தக்காளி, வெங்காயம், ஆலிவ், கொஞ்சம் சீஸ் என்று அவரவர் குவித்துக்கொள்வார்கள். வைக்கோல்போர் என்றே அதற்குப் பெயர். சாப்பிட்டதும் தூங்கப் போகாமல் பேசிக்கொண்டே குடும்பம் குடும்பமாக நடக்கக் கிளம்புவார்கள். புகைக்காத நண்பர்கள், நடக்கத் துணை, வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு. தனியாளாக இதையெல்லாம் ஏற்பாடு செய்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த எல்லாருக்கும் தெரியும்.

இதே கலிஃபோர்னியாவில், வேறொரு சபையில், இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. சாடில்பேக் சபையின் போதகர் ரிக் வாரன் 2010இல் ஒரே நாளில் 827 பேருக்குத் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்தார். ஒவ்வொருவரையும் கையில் தாங்கி இறக்கித் தூக்கும்போது, சபையார் எவ்வளவு கனத்துவிட்டார்கள் என்று உறைத்தது. பிறகு தன்னையே பார்த்துக்கொண்டார். சபையார் முன்னால் நின்று, உங்களுக்கு நான் கெட்ட முன்மாதிரியாக இருந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். ராஜபோஜனத்தை மறுத்து, பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் போதும் என்ற தானியேலின் பெயரில் 2011 ஜனவரியில் ஒரு திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் சுமார் 15,000 பேர் சேர்ந்து மொத்தம் 2,50,000 பவுண்டு எடை குறைத்ததாகச் சபை அறிவித்தது. சிறு குழுவாகச் சேர்ந்து செய்தவர்கள் தனியாகச் செய்தவர்களைவிட இருமடங்கு குறைத்தார்கள் என்றும் சொன்னது. அங்கே எடையைக் குறைத்ததில் உணவுப் பட்டியலுக்கு இருந்த பங்கு பக்கத்து நாற்காலிக்கும் இருந்தது.

பல சபைகளில் குடிக்கு எதிராகக் குரல் உயரும், புகைக்கு எதிராக உயரும். பெருந்தீனியைப் பற்றி மட்டும் பிரசங்க மேடை மௌனம் காக்கும். வாரனின் மன்னிப்பு அந்த மௌனத்தை உடைத்தது. மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1747லேயே ஏழைகளுக்காக ஒரு வீட்டு வைத்திய நூல் எழுதியவர், சுத்தம், உடற்பயிற்சி, அளவுச் சாப்பாடு என்று ஓயாமல் சொன்னவர். ஆக, இது ஒரு சபையின் தனிச்சொத்தும் அல்ல.

இந்தப் பாதையில் ஒரு பள்ளம் இருக்கிறது. உடம்பைப் பேணுவது விசுவாசம் என்று சொல்லிச் சொல்லி, நோயில் விழுந்தவரைப் பார்த்து இவர் எங்கே தவறினார் என்று கேட்கிற கொடுமை எளிதில் வந்துவிடும். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவன் பெற்றோருமல்ல என்ற கருத்தில் இயேசு மறுத்ததை யோவான் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. பவுலுக்கு நீங்காத ஒரு முள் இருந்தது, தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. புற்றுநோய் சைவக்காரருக்கும் வருகிறது. முந்தைய கணக்குகள் எல்லாம் வாய்ப்பைப் பற்றியவை, வாக்குறுதி அல்ல. தட்டில் இருப்பதை வைத்து ஒருவரின் பக்தியை எடை போடுகிற சபை, உடம்பைக் காப்பாற்றி ஆளை இழந்துவிடும். எலன் ஒயிட்டே, உணவு விஷயத்தில் மற்றவர்களுக்குத் தன்னை அளவுகோலாக்குகிறவர்களைக் கண்டித்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்று வறுமை. லோமா லிண்டாவின் ஆயுள்கணக்கு அடுத்த ஊரான சான் பெர்னார்டினோவுக்குத் தானாகப் பரவிவிடவில்லை. அங்கே ஏழ்மை அதிகம், நோய் அதிகம். 2016இல் அந்த நகரின் நடுவிலேயே லோமா லிண்டா பல்கலைக்கழகம் பெரிய மருத்துவ வளாகம் ஒன்றைத் திறந்தது. அது அவசியமான வேலை. தன் உடம்பை ஆலயம் என்று நம்புகிறவர், வைத்தியத்துக்கு வழியில்லாத அடுத்தவர் உடம்பையும் அப்படியே நம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நம்பிக்கைக்கு அர்த்தமில்லை.

இதெல்லாம் வசதியுள்ள நாட்டுக் கதை, பாதாமும் அக்ரூட்டும் வாங்க நம்மால் முடியுமா என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. வாரத்துக்கு ஐந்து தடவைக்குக் குறையாமல் கொட்டைப் பருப்பு சாப்பிட்ட அட்வெந்திஸ்துகளுக்கு, எப்போதாவது சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு ஆபத்து பாதியளவே இருந்ததாக 1992இல் வந்த ஆய்வு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. அவர்கள் சாப்பிட்டதில் அக்ரூட்டின் பங்கு 16 சதவீதம், பாதாமின் பங்கு 29 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலே, 32 சதவீதத்தோடு முதலிடத்தில் நின்றது நம் ஊர்த் தள்ளுவண்டியில் பொட்டலம் கட்டி விற்கிற வேர்க்கடலை.